ஆங்கிலச் சொல்வளம்: குடியாத்தத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குக் குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், பிறகு வேலூரில் பி.காம். இப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுவது, சாம்பிள் அனுப்புவது, ஷிப்மென்ட் தள்ளிப்போனால் பதில் சொல்வது எல்லாம் என் வேலை. ஓரளவு எழுதிவிடுவேன். ஆனால் என் ஆங்கிலம் இன்னும் பள்ளிக்கூடப் பையன் எழுதியதுபோலவே இருக்கிறது. அதனால் வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் தடிமனான சொற்பட்டியல் புத்தகம் ஒன்றை வாங்கி, தினமும் ரயிலில் இருபது சொல் மனப்பாடம் செய்கிறேன். நான்கு மாதம் ஆகிறது. முதல் மாதம் படித்ததில் பாதி கூட நினைவில் இல்லை.

போன வாரம் எங்களுக்கு வந்த தோலில் லாட் முழுக்க ஷேட் மாறியிருந்தது. அதைப் பையருக்குச் சொல்லும் மெயிலில் ‘யுபிக்விட்டஸ்’ என்று எழுதினேன். மேனேஜர் அதை அடித்துவிட்டு ‘த்ரூஅவுட் த லாட்’ என்று மாற்றினார். நாலு பேர் எதிரில் நடந்ததால் சங்கடமாகிவிட்டது. நான் போட்ட சொல்லில் என்ன தப்பு? மனப்பாடத்தை விட்டுவிட்டு நாவல் படிக்கலாமா? என் தங்கை சி.எம்.சி.யில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு வாயில் நுழையாத சொல்லெல்லாம் நிற்கிறது, எனக்கு ஏன் நிற்பதில்லை?

(பெயர் வேண்டாம்)
குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

உங்கள் மேனேஜர் மாற்றியது சரிதான். அதற்காக நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. புதிதாகக் கற்ற சொல்லைத் துணிந்து வேலையில் போட்டுப் பார்த்தீர்கள், அந்தத் துணிச்சல் இல்லாதவர்களுக்கு எந்த மொழியும் வராது. சொல்லின் பொருளும் உங்களுக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது. எங்கும் இருப்பது, திரும்பிய பக்கமெல்லாம் கண்ணில் படுவது. செல்ஃபோனைப் பற்றி அப்படிச் சொல்லலாம், பிளாஸ்டிக் பையைப் பற்றிச் சொல்லலாம். ஒரு லாட் தோலில் உள்ள குறையோடு அந்தச் சொல் சேராது. புத்தகம் உங்களுக்குப் பொருளைச் சொன்னது, அந்தச் சொல் யாரோடு பழகும் என்பதைச் சொல்லவில்லை.

தமிழில் இதை நாம் யோசிப்பதே இல்லை. மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, இடி இடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது. இந்த ஜோடிகளை யாரும் நமக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் ‘மழை வீசுகிறது’ என்றால் நமக்குப் புரியும், ஆனாலும் காதில் உறுத்தும். ஆங்கிலத்தில் முடிவை ‘மேக்’ செய்கிறார்கள், குற்றத்தை ‘கமிட்’ செய்கிறார்கள். மழை ‘ஹெவி’, காபி ‘ஸ்ட்ராங்’. ஒரு சொல் தெரியும் என்று நாம் சொல்லும்போது அதன் பக்கத்தில் எது வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உயர்நிலை ஆங்கிலம் என்று நீங்கள் தேடுவதில் பெரும்பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

நீங்கள் வாங்கிய மாதிரிப் புத்தகங்கள் பிரபலமானதே வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் ஒரு சொல்லைத் தனியாகக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்ட காலத்தில். 2011இல் அந்தத் தேர்வே எதிர்ச்சொல் கேள்வியையும் ஒப்புமைக் கேள்வியையும் எடுத்துவிட்டது. இன்று வாக்கியத்துக்குள் எந்தச் சொல் பொருந்தும் என்றுதான் கேட்கிறார்கள். எந்தத் தேர்வுக்காக அந்தப் பட்டியலோ, அதுவே வழியை மாற்றிக்கொண்டது. நீங்கள் தேர்வு எழுதப் போவதும் இல்லை. ஆகவே புத்தகத்தை மூடிவைத்துவிடலாம்.

சரி, எந்தச் சொற்களைக் கற்பது? இதில் பலருக்கும் தெரியாத ஒரு நடு அடுக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படிப்பதைப் பார்த்து, எந்தச் சொற்களை முதலில் கற்றுக்கொடுத்தால் படிப்பு நகரும் என்று ஆராய்ந்தவர். 1953இல் சுமார் 2000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியலை வெளியிட்டார். தமிழ் மீடியத்தில் படித்த நம் பிள்ளைகள் ஏறக்குறைய அந்த அளவோடு வெளியே வருகிறார்கள் என்பது என் எண்ணம். பின்னாளில் நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவ்ரில் காக்ஸ்ஹெட், அந்த 2000ஐத் தள்ளிவிட்டு, எல்லாத் துறைக் கல்விநூல்களிலும் பொதுவாகத் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் எவை என்று எண்ணிப் பார்த்தார். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) இருக்கின்றன. கல்விநூல்களில் பத்துச் சொல்லுக்கு ஒன்று அவற்றிலிருந்து வருகிறது.

கன்சிஸ்டென்ட், இண்டிகேட், சப்சிக்வென்ட், அடிக்வேட், அட்ரிப்யூட். இந்த மாதிரிச் சொற்கள். பார்த்தால் பெரிய கவர்ச்சி இருக்காது, இவற்றை எங்கேயோ கேட்டமாதிரியும் இருக்கும். ஆனால் பள்ளிக்கூடப் பையன் ஆங்கிலத்துக்கும் வேலை தெரிந்தவர் ஆங்கிலத்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. உங்கள் மெயிலையே எடுங்கள். அனுமதித்த சாம்பிளோடு லாட்டின் ஷேட் ‘கன்சிஸ்டென்ட்’ ஆக (ஒத்து) இல்லை, அது டையிங்கில், அதாவது சாயம் ஏற்றுவதில், வந்த வித்தியாசத்துக்கு ‘அட்ரிப்யூட்’ செய்யத்தக்கது (அதுதான் காரணம்) என்று எழுதியிருந்தால் பையருக்கு நிலைமையும் புரிந்திருக்கும், எழுதியவர் விஷயம் தெரிந்தவர் என்பதும் புரிந்திருக்கும்.

நாவல் பற்றிக் கேட்டீர்கள். நாவல் படியுங்கள், அதற்குக் காரணமே தேவையில்லை. ஆனால் இந்த வேலைக்கு அது மட்டும் போதாது. அதே காக்ஸ்ஹெட் கதைப்புத்தகங்களிலும் எண்ணிப் பார்த்தார், அந்த 570 சொற்குடும்பங்களின் பங்கு அங்கே வெறும் 1.4 சதவீதம். கதையில் ஆட்கள் பேசுவார்கள், நடப்பார்கள், அழுவார்கள். காரணம் காட்டி, ஆதாரம் வைத்து, வாதிட்டு முடிவுக்கு வரும் எழுத்தில்தான் இந்தச் சொற்கள் குடியிருக்கின்றன. அப்படிப்பட்ட எழுத்தில் உங்களுக்கு என்றே ஒன்றைச் சொல்கிறேன்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கு. நம் டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் நிலத்தையும் கெடுத்தது பற்றிய வழக்கு. அப்போது இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், தீர்ப்பிலும் அந்தப் பெயர்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியச் சட்டத்தில் ‘ப்ரிகாஷனரி பிரின்சிபிள்’ (முன்னெச்சரிக்கைக் கொள்கை), ‘பொல்யூட்டர் பேஸ்’ (கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும்) என்ற இரண்டு கொள்கைகளை ஊன்றிய தீர்ப்பு என்று உலகம் முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் இதைப் படிக்கிறார்கள். ஆனால் அவர்களைவிட உங்களுக்கு இதில் வசதி அதிகம். விஷயம் உங்களுக்கு முன்பே தெரியும்.

இது சின்ன வசதி இல்லை. துணையில்லாமல் ஒரு ஆங்கில நாவலையோ செய்தித்தாளையோ படிக்க நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் போட்ட கணக்கு. அந்த எண்ணிக்கைக்கு நீங்கள் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. விஷயம் கைவசம் இருந்தால் தெரியாத சொல்லையும் தாண்டிப் போகலாம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று தீர்ப்பில் வருகிறது. குரோம் டேனிங்கில் 170 வகை ரசாயனங்கள் என்று வருகிறது. ‘எஃப்ளுயன்ட்’ என்றால் ஆலைக் கழிவுநீர் என்று உங்களுக்கு அகராதி சொல்ல வேண்டாம், ஆம்பூரில் அந்த வாடை சொல்லும். அந்தச் சொல்லோடு ‘டிஸ்சார்ஜ்’ (வெளியேற்றுவது) வருவதையும், ‘அன்ட்ரீட்டட்’ (சுத்திகரிக்காத) வருவதையும் மட்டும் கவனியுங்கள். மூன்றும் ஒன்றாக உள்ளே போய்விடும்.

ப்ரிகாஷனரி கொள்கையை விளக்கும் பத்தியில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். கேடு கடுமையானது, ‘இர்ரிவர்ஸிபிள்’, அதாவது திரும்பச் சரிசெய்ய முடியாதது என்ற ஆபத்து இருந்தால், அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்று சாக்குச் சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது. அடுத்ததாக, தன் செயல் சுற்றுச்சூழலுக்கு ‘பெனைன்’ என்று நிரூபிக்கும் ‘ஆனஸ்’, பொறுப்பு, தொழில் நடத்துகிறவருடையது என்கிறது. ‘பெனைன்’ என்ற சொல்லை உங்கள் தங்கையிடம் கேளுங்கள். கட்டியைப் பரிசோதித்துவிட்டு அது புற்றுநோய் இல்லை என்று சொல்ல டாக்டர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தீர்ப்பில் ஒரு இடத்தில், வார்டில் ஒரு இடத்தில் என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டால் தீங்கு செய்யாதது என்ற பொருளை நீங்கள் உருப்போட வேண்டியதே இல்லை. இந்தப் பத்தி என் மனதில் ஆழமாகப் பதிந்தது. நம் ஊர்த் தண்ணீருக்காக எழுதப்பட்ட வாக்கியங்கள் அவை. சொல்வளத்துக்காக மட்டும் இதைப் படிக்கச் சொல்லவில்லை, ஆனால் சொல்வளமும் இப்படித்தான் வரும்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு நினைவாற்றல் அதிகம் என்று நினைக்காதீர்கள். மருத்துவச் சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டிச் செய்தவை. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. ‘ஹெபட்’ கல்லீரல், ‘நெஃப்ர்’ சிறுநீரகம், ‘ஆர்த்ர்’ மூட்டு. ஹெபடைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ், ஆர்த்ரைட்டிஸ் மூன்றும் ஒரே அச்சு. நான்கு துண்டு தெரிந்தால் ஹெபட்டாலஜி, நெஃப்ராலஜி என்று போர்டைப் பார்த்தே பிரிவு தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், காலையில் வகுப்பில் கேட்ட சொல் மத்தியானம் வார்டில் நோயாளியின் கேஸ் ஷீட்டில் அவள் எதிரில் வந்து நிற்கிறது. நீங்கள் ரயிலில் படித்த இருபது சொல்லில் ஒன்றாவது அன்று ஆபீசில் உங்களைத் தேடி வந்ததா? வராத சொல் போய்விடும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இலேயே எழுதிவைத்தார். முதலில் மறதி வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். மறக்கப் போகும் நேரத்தில் திரும்பப் பார்த்தால் அடுத்த முறை அதிக நாள் நிற்கும்.

அதனால் நாளுக்கு ஐந்து சொல் போதும். உங்கள் கம்பெனி மெயில் பெட்டியில் பல வருஷத்து பையர் மெயில்கள் இருக்கும். இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ நல்ல ஆங்கிலம் எழுதும் பையர் ஒருவராவது இருப்பார். அவர் புகார் சொன்ன மெயில், விலை பேசிய மெயில், தேதி தள்ளிவைக்க ஒத்துக்கொண்ட மெயில் என்று எடுத்துப் படியுங்கள். பெயர், விலை, ஆர்டர் விவரங்களை விட்டுவிட்டு, உங்களுக்கு எழுத வராத வாக்கியத்தை மட்டும் முழுசாக ஒரு சின்ன அட்டையில் எழுதுங்கள், புதுச் சொல் இருக்கும் இடத்தைக் கோடிட்டு விடுங்கள். பின்பக்கம் விடை. ஒரு பெட்டியில் மூன்று நான்கு தடுப்பு வைத்து, சரியாகச் சொன்ன அட்டையை அடுத்த தடுப்புக்குத் தள்ளுங்கள், தப்பாகச் சொன்னதை முதல் தடுப்புக்கே கொண்டுவாருங்கள். முதல் தடுப்பு தினமும், கடைசித் தடுப்பு மாதம் ஒருமுறை. இது செபாஸ்டியன் லைட்னர் 1972இல் சொன்ன முறை. ஃபோனில் ‘ஆன்கி’ என்ற செயலியும் ஏறக்குறைய இதையே செய்கிறது. எனக்குக் கையால் எழுதுவது பிடிக்கும், உங்களுக்கு ரயிலில் நின்றுகொண்டே பார்க்க ஃபோன் வசதி என்றால் அப்படியே செய்யுங்கள். ஆனால் மற்றவர் செய்துவைத்த அட்டைக் கட்டை இறக்கிக்கொள்ளாதீர்கள். அது மறுபடி அந்தத் தடிப் புத்தகம்தான்.

அகராதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆங்கிலம்-தமிழ் அகராதியைச் சட்டென்று பொருள் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் அகராதியோ லாங்மேன் கன்டெம்பரரி அகராதியோ வேண்டும். முதலாவது, ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஏ. எஸ். ஹார்ன்பி அங்கிருந்த மாணவர்களுக்காகத் தொகுத்து 1942இல் அங்கேயே வெளியானது. அதாவது ஆங்கிலம் தாய்மொழி அல்லாத நம்மை மனதில் வைத்துச் செய்தது. இரண்டாவது, ஏறக்குறைய 2000 எளிய சொற்களுக்குள் எல்லாப் பொருளையும் விளக்குகிறது. இரண்டும் இணையத்திலேயே இலவசமாக இருக்கின்றன. பார்க்கும்போது பொருளுக்கு முன்னால் உதாரண வாக்கியத்தைப் படியுங்கள், ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு உச்சரிப்பைக் கேட்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

தீர்ப்பை ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று பத்தி போதும். ப்ரிகாஷனரி கொள்கை வரும் இடத்தை முதலில் தேடிப் படித்துவிட்டு, அப்புறம் ஆரம்பத்திலிருந்து வாருங்கள். சட்ட விதி எண்களாக வரும் பக்கங்களைத் தாண்டிப் போகலாம். சிக்கும் வாக்கியங்களை எழுதி அனுப்புங்கள், அடுத்த பதிலில் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அன்புடன்