கம்ப்யூட்டர் சயின்ஸுக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள்

சேலத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பெரியப்பாவிலிருந்து மாமா வரைக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், கட் ஆஃப் போதவில்லை, அதனால் தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா, அதற்கு நிலத்தின் மேல் கடன். மகளோ, பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் முக்கினால் ஏன் கெட்டியாகிறது என்று வாத்தியாரைத் துளைக்கிறவள்.

ஐயா, உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் அந்தக் கடனை வாங்காதீர்கள். வட்டி கட்டப்போவது பெரியப்பா இல்லை.

உங்கள் மகள் கேட்கும் கேள்வியே ஒரு துறை: மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல். 1906இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் என்பவர், கொஞ்சம் தாமிரமும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தார். சும்மா கிடந்த உலோகம் சில நாளில் தானாகவே கடினமாகியிருந்தது. காரணம் அன்றைய மைக்ராஸ்கோப்புக்கு எட்டவில்லை. 1938இல் பிரான்சில் கினியேவும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் தனித்தனியாக எக்ஸ்-ரே வைத்துக் கண்டுபிடித்தார்கள்: தாமிர அணுக்கள் அலுமினியத்துக்குள் ஓரிரு அணு தடிமனில், சில நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அகலத்தில், கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருந்தன.

அந்தக் கூட்டங்களை இன்றும் எக்ஸ்-ரே சிதறலால் அளக்கிறார்கள். தாமிர அணுவில் 29 எலெக்ட்ரான், அலுமினியத்தில் 13. அந்த வித்தியாசத்தால் கூட்டம் இருக்கும் இடத்தில் கதிர் லேசாக விலகும், கூட்டம் பெரிதானால் விலகும் கோணம் சிறிதாகும், எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் விலகுகிறது என்று வரைந்தால், அந்த வரைபடத்தின் சரிவிலிருந்து கூட்டத்தின் அளவைக் கணக்கிடலாம். உலைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டே அணுக்கூட்டம் வளர்வதைத் தொடர முடிகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ்-ரே தரும் பெரிய இயந்திரம்) இதற்கென்றே ஒரு கதிர்த்தடம் உண்டு. கல்பாக்கத்தில் அணு உலைக்கான எஃகு பற்றி ஆராய்கிறார்கள், அதில் இட்ரியம், டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்த நானோ துகள்கள்தான் உலோகத்துக்குப் பலம்.

வழி என்ன? உங்கள் ஊர் அரசு பொறியியல் கல்லூரியிலேயே மெட்டலர்ஜி இருக்கிறது, கவுன்சலிங்கில் கேட்கலாம், அரசுக் கட்டணம்தான். இல்லையென்றால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. பிறகு நெட் அல்லது கேட் என்ற தகுதித் தேர்வு எழுதிப் பிஎச்.டி., அங்கே ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆராய்ச்சி வேலைக்கு ஒன்பது பத்து வருடம் ஆகும், நிரந்தர இடங்களும் குறைவு. குடும்பத்துக்குச் சீக்கிரம் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் பி.எஸ்சி. வேண்டாம், மெட்டலர்ஜியே எடுக்கட்டும். பட்டத்தோடு எஃகு ஆலைக்கோ ஃபவுண்டரிக்கோ போகலாம், ஆராய்ச்சிக் கதவும் திறந்தே இருக்கும்.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலை அவளே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். கோட்டா சீட்டுக்கு முன்பணம் கேட்டு யாராவது போன் செய்தால், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.