வாசகர் கேள்வி-பதில்: குமரியில் பன்னீர் திராட்சை

கேள்வி: பூதப்பாண்டி பக்கம் 10 சென்ட்டில் தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து பன்னீர் திராட்சைக் கன்று வாங்கி நட்டு மூன்று வருடமாகிறது. பந்தல் முழுக்கக் கொடி, பழம் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். உரம் போதவில்லையா? கம்பத்தில் எடுப்பதுபோல வருடத்துக்கு இரண்டு அறுவடை எடுக்க முடியுமா?

பதில்: குறை கவாத்தில், அதாவது கொடியை வெட்டிவிடுவதில் இருக்கிறது. முதிர்ந்து பழுப்பேறிய கொடியின் கணுவிலிருந்து புறப்படும் புதுத் தளிரில்தான் பூங்குலை வரும். வெட்டாமல் விட்டால் நுனிக் கணுக்கள் மட்டும் துளிர்த்து ஓடும். அடிக் கணுக்கள் உறங்கிவிடும். குளிர்நாடுகளைப் போல நம் ஊரில் கொடி தானாக இலை உதிர்த்து ஓய்வெடுப்பதில்லை. நாம் வெட்டினால்தான் கணு விழிக்கும்.

இரண்டு அறுவடை ஆசையை விட்டுவிடுங்கள். கம்பம் பள்ளத்தாக்கு மலையின் மழைமறைவில் கிடக்கிறது. நமக்கோ ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. ஜூன் தொடக்கத்தில் காய்ப்புக்கு வெட்டினால் ஜூலைச் சாரலில் பூ நனைந்து அழுகும். தப்பிய குலை பழுக்கும் நேரத்தில் அக்டோபர் மழை வந்து பழம் வெடிக்கும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவுதான். அங்கும் ஒரே அறுவடைதான் நல்லது என்போம்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தோடு பாசனத்தை நிறுத்துங்கள். 15 நாள் மண் காய்ந்ததும், மாதக் கடைசியில் கவாத்து. பென்சில் பருமனுள்ள முதிர்ந்த கொடியில் நாலு கணு விட்டு வெட்டுங்கள். மெலிந்ததை ஒன்றிரண்டு கணுவோடு நிறுத்துங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும் (மயில்துத்தம் எனும் காப்பர் சல்பேட் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்ற விகிதம்). வெட்டிய குச்சியையும் பழைய இலையையும் பந்தலுக்கடியில் விடாமல் கூட்டி எரித்துவிடுங்கள். நோய் அதில்தான் தங்கும். மட்கிய எருவும் பச்சிலையும் உடனே இடலாம். பொட்டாஷில் பாதி அப்போது, மீதி கவாத்து முடிந்த 60-ஆம் நாள்.

துளிர் ஓடத் தொடங்கியதும் பற்றுக்கம்பிகளை (பந்தலைச் சுற்றிப் பிடிக்கும் சுருள் இழைகளை) கிள்ளுங்கள், பக்கத் தளிரையும்தான். கொடியில் 12 முதல் 15 கணு வந்ததும் நுனியை ஒடித்துவிடுங்கள். ஏப்ரல் பாதிக்குள், கோடை மழை வலுக்கும் முன், பழம் கைக்கு வந்துவிடும்.

மே கடைசியில் இன்னொரு கவாத்து உண்டு. அது கொடிக்காக மட்டும்: ஒன்றிரண்டு கணு விட்டு வெட்டி, வரும் பூங்குலையை இரக்கமின்றிக் கிள்ளிவிட வேண்டும். மழைக்காலம் முழுக்க முதிரும் அந்தக் கொடிதான் டிசம்பர் கவாத்துக்குப் பின் காய்க்கப்போவது.

கேள்வி: மழை பிடித்தால் இலையின் மேலே எண்ணெய் சிந்தியதுபோல் மஞ்சள் புள்ளி, அடியில் வெள்ளைப் பூசணம். பிறகு இலை கொட்டிவிடுகிறது. (தக்கலை வாசகர்)

பதில்: அடிச்சாம்பல் நோய். இலையில் நீர்ப்படலம் நின்றால் இதன் வித்துகள் அதில் நீந்திப்போய் இலைத்துளை வழியே நுழையும். அதனால் வரும்முன் தெளிப்பதே மருந்து. புள்ளி வந்த இலையைக் காப்பாற்ற முடியாது. பழம் இல்லாத காலம்தானே என்று ஜூன் முதல் நவம்பர் வரை பலர் தெளிப்பதில்லை. இலை கொட்டினால் கொடி முதிராது, முதிராத கொடி காய்க்காது.

ஒரு சதவீத போர்டோ கலவை போதும். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இன்னொரு வாளியில் 100 கிராம் நீறாத சுண்ணாம்பை நீற்றி, ஆறவிட்டு, 5 லிட்டராக்கி வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். துரு இல்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள்; செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேருங்கள். காற்றுப்பட்டு நாள்பட்ட சுண்ணாம்பு வீரியம் இழந்திருக்கும், வேண்டாம். கலந்த அன்றே, இலையின் அடிப்பக்கம் நனைய அடித்துவிடுங்கள். பூத்திருக்கும்போது அடிக்கக் கூடாது.

பிப்ரவரி, மார்ச்சில் இலை மேலும் காய் மேலும் வெண்சாம்பல் படிந்தால் அது வேறு நோய். நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 3 கிராம், வெயில் ஏறுமுன் காலையில். உச்சி வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

கேள்வி: குலசேகரத்தில் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகப் போடலாமா?

பதில்: வேண்டாம். நிழலில் கணுவுக்குள் பூ உருவாகாது, ஈரமும் காயாது. அங்கே நல்ல மிளகு போடுங்கள்.

கேள்வி: ஆரல்வாய்மொழிக் காற்றுக்குப் பந்தல் தாங்குமா?

பதில்: தாங்கும்படி போட வேண்டும். மரக்கால் வேண்டாம், கல்தூண் போடுங்கள்: 8 அடியில் 2 அடி மண்ணுக்குள். ஓரத் தூண்களை வெளிப்பக்கம் சாய்த்து இழுகம்பி கட்டுங்கள். கம்பியின் முழு இழுப்பும் அவற்றின் மேல்தான். மேற்கே 15 அடி தள்ளிச் சவுக்கு வரிசை இருந்தால் இளந்தளிர் ஒடியாது. கொடிக்கு இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர்.

கேள்வி: ஒரே குலையில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு. பறித்து வைத்தால் பழுக்குமா? (திங்கள்நகர் வாசகி)

பதில்: பழுக்காது அம்மா. மாம்பழம், வாழைப்பழம்போலப் பறித்தபின் திராட்சையில் இனிப்பு ஏறுவதில்லை. பன்னீர் ரகத்துக்கு இந்தச் சீரற்ற பழுப்பு சுபாவம். கொடி தாங்குவதைவிடக் குலை அதிகமாக விட்டால் இன்னும் மோசமாகும். காய் பட்டாணி அளவு இருக்கும்போது, நெருக்கமான குலையில் ஐந்து காய்க்கு ஒன்று என்று கத்தரியால் நறுக்கி எடுங்கள். 60-ஆம் நாள் பொட்டாஷைத் தவறவிடாதீர்கள். அறுவடைக்கு முன் பாசனத்தைக் குறையுங்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் குலையின் நுனிக்காயைச் சுவைத்துப் பாருங்கள். கடைசியில் பழுப்பது அதுதான். அது இனித்தால் குலையை வெட்டலாம்.