1965 ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்கியிருக்கிறேன். அது ஒரிஜினல் ஜிடிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"ஒரிஜினல் ஜிடி என்று சொல்லித்தான் விற்றார்கள், மதிப்பீட்டுச் சான்றிதழும் கையில் இருக்கிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2014இல் இதே வார்த்தையையும் இதே மாதிரி ஒரு காகிதத்தையும் நம்பி, ஜிடிக்கு உண்டான விலையைக் கொடுத்தவன் நான். நீங்களும் அமெரிக்காவில்தான் இருக்கிறீர்கள், கார் ஏற்கெனவே உங்கள் கராஜில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். ஜிடி என்பது தனி கார் இல்லை, கூடுதல் பாகங்கள் சேர்ந்த பேக்கேஜோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த மஸ்டாங். காரின் வரிசை எண்ணில் ஐந்தாவது இடத்தில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். அதுதான் என்ஜின். சி என்றால் 200 குதிரைத்திறன், ஏ என்றால் 225, கே என்றால் 271. மூன்றும் 289 கன அங்குல வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின்தான். ஜிடி பேக்கேஜ் ஏ, கே இரண்டுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். உங்கள் எண்ணில் வேறு எழுத்து இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம், அது ஃபேக்டரி ஜிடி இல்லை.

ஏ இருந்தாலும் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மஸ்டாங் வெளிவந்தது 1964 ஏப்ரல் 17. ஜிடி வந்தது அதன் முதல் பிறந்தநாளை ஒட்டி, 1965 ஏப்ரலில். அதற்கு முன்னால் 1964இல் தயாரான கார் எதுவும் ஜிடியாகத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்திருக்க முடியாது. தயாரான தேதி டிரைவர் பக்கக் கதவின் விளிம்பில் இருக்கும் சின்னத் தகட்டில் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் நான் ஏமாந்தேன்.

இனி என் கதை.

மிச்சிகனில் டியர்பார்ன் பக்கத்தில் இருக்கிறேன். மஸ்டாங்கை 1964 முதல் 2004 வரை தயாரித்த தொழிற்சாலை என் வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடம். நாற்பது வயது முடிந்தபோது, இத்தனை வருடம் ஆசைப்பட்டதை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரண்டு மணி நேரத் தொலைவில் ஒருவர் விற்றார். சிவப்பு ஹார்ட்டாப், அதாவது மடக்க முடியாத தகரக் கூரை வைத்த கார். கிரில்லில் இரண்டு ஃபாக் லேம்ப், கதவுக்குக் கீழே வெள்ளைக் கோடு, பின்னால் இரண்டு எக்ஸாஸ்ட் குழாய், டேஷ்போர்டில் ஐந்து வட்ட மீட்டர். கூடவே ஒரு மதிப்பீட்டாளரின் சான்றிதழ்: '1965 மஸ்டாங் ஜிடி, ஃபேக்டரி சிவப்பு, மிக நல்ல நிலை.' அந்தச் சான்றிதழுக்காக அவர் பானெட்டைக்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தகட்டில் இருந்த நிறக் குறியீட்டைப் படித்திருந்தால் 'ஃபேக்டரி சிவப்பு' என்று எழுதியிருக்கவே முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் மதிப்புப் போட்டது. பொய் ஒருமுறை காகிதத்தில் ஏறிவிட்டால் அடுத்தடுத்த காகிதங்களிலும் ஏறிக்கொண்டே போகிறது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குக் கொண்டுபோனேன். டெட்ராய்ட்டுக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் நடக்கும் பழைய கார் ஊர்வலம் அது. சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து மூன்று பேர் என்னிடம் வந்து, "இந்தக் காரின் சொந்தக்காரர் எங்கே?" என்று கேட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் வலித்தது. பழைய அமெரிக்கக் காருக்குப் பக்கத்தில் என் முகம் பொருந்தவில்லை என்பதுதானே அந்தக் கேள்விக்கு அர்த்தம்.

நான்காவதாக வந்தவர் அப்படிக் கேட்கவில்லை. எழுபது வயதிருக்கும். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "கதவைத் திறக்கலாமா?" என்றார். திறந்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து தகட்டைப் படித்தார். நிமிர்ந்து, "நல்ல கார். ஆனால் ஜிடி இல்லை. இதன் நிறம் சிவப்பும் இல்லை" என்றார். தகட்டில் விரலை வைத்து வரிசையாகக் காட்டினார். 65ஏ என்றால் சாதாரண உள்ளலங்காரத்துடன் ஹார்ட்டாப். ஹெச் என்றால் காஸ்பியன் ப்ளூ என்ற கருநீலம். 26 என்றால் கறுப்பு வினைல் சீட். 17எல் என்றால் நவம்பர் 17; மாதத்துக்கு ஏ முதல் எழுத்து போடுவார்கள், ஐ மட்டும் கிடையாது, அதனால் எல் என்பது நவம்பர். 33 என்றால் டெட்ராய்ட் வட்டாரத்து ஆர்டர். ஆக, 1964 நவம்பரில் தயாரான நீலக் கார் அது.

அன்று இரவு சாப்பிடக்கூட இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போய்விட்டேன். பின் சீட்டைக் கழற்றினேன். சிவப்பு பெயின்ட் ஓரத்தோடு நின்றுபோயிருந்தது. அதற்கு உள்ளே, ஐம்பது வருடம் வெயிலே படாத இடத்தில், ஆழமான நீலம். அதைப் பார்த்ததும் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தேன். ஆயில் மீட்டருக்கும் ஆம்ப் மீட்டருக்கும் போகிற ஒயர்களை வெட்டி, கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருந்தார்கள். காரை ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்தேன். ஃபேக்டரி ஜிடி என்றால் பின்பக்கச் சட்டத்தில் எக்ஸாஸ்டைத் தாங்கும் இடத்தில் வலுவுக்காகக் கூடுதல் தகடு வெல்டு செய்திருப்பார்கள். என் காரில் அது இல்லை. பின் வேலன்ஸில், அதாவது பின் பம்பருக்குக் கீழே இருக்கும் தகரத்தில், குழாய் வெளியே வரும் ஓட்டை இடது பக்கம் சற்றுக் கோணலாக இருந்தது. விரலை ஓட்டினால் தகரத்தின் ஓரம் ரம்பப் பல் மாதிரி நெருடியது. யாரோ கையால் வெட்டியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே சண்டைக்கு வருவார்கள். ஆமாம், ஜிடி பாகங்களை டீலரிடமே வாங்கிப் பழைய மஸ்டாங்கில் மாட்டிக்கொண்டவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். அது குற்றமில்லை. அந்தக் காரை யாரும் குறை சொல்லவும் வேண்டாம். டீலரிடம் மாட்டியதை ஃபேக்டரியில் வந்தது என்று சொல்லி விற்பதைத்தான் தப்பு என்கிறேன். அதேபோல, எனக்கு விற்றவர் தெரிந்தே பொய் சொன்னார் என்றும் நான் சொல்லவில்லை. அவரும் யாரோ சொன்னதை நம்பியிருக்கலாம்.

அடுத்து எல்லோரும் கேட்பது 'நம்பர் மேட்சிங்', அதாவது என்ஜினில் இருக்கும் எண்ணும் காரின் எண்ணும் பொருந்துகிறதா என்பது. உங்களிடமும் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள். 1968 மாடலுக்கு முன்னால் ஃபோர்டு சாதாரண மஸ்டாங் என்ஜின்களில் காரின் வரிசை எண்ணைப் பொறிக்கவே இல்லை. கே என்ஜின் மட்டும் விலக்கு. ஆகவே 1965 ஏ என்ஜின் காரைக் காட்டி "நம்பர் மேட்சிங்" என்று ஒருவர் சொன்னால், எந்த நம்பரோடு எந்த நம்பர் பொருந்துகிறது என்று அவரையே கேளுங்கள். அதிகபட்சம் பார்க்க முடிவது தேதி. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பக்கத்தில், என்ஜின் பிளாக்கிலேயே வார்த்த எழுத்துகள் இருக்கும். என்னுடையதில் தடித்த எண்ணெய்க் கசடு. பழைய டூத் பிரஷும் மண்ணெண்ணெயுமாக அரை மணி நேரம் தேய்த்த பிறகு 4கே21 என்று தெரிந்தது. 1964 அக்டோபர் 21. கார் தயாரானது நவம்பர் 17. நான்கு வாரம் முன்னால் வார்த்த என்ஜின் அந்தக் காருக்குள் போவது மிகவும் பொருத்தமானது. இதுதான் அந்தக் காரின் முதல் என்ஜின் என்று நான் நம்புகிறேன், நிரூபிக்க முடியாது. யார் கேட்டாலும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

அதே பிளாக்கில் சி5ஏஇ என்று தொடங்கும் எண் இருக்கிறது. ஒரு மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "இது பெரிய ஃபோர்டு காரின் என்ஜின், மஸ்டாங்குடையது இல்லை" என்று சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்தார். ஏ என்பது பெரிய காரைக் குறிக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த எழுத்து பாகத்தை எந்தக் காருக்காக வரைந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. அதே பிளாக்கைத்தான் மஸ்டாங்கிலும் போட்டார்கள். உங்கள் காரிலும் இதைப் பார்த்தால் பயப்படாதீர்கள்.

என்ஜின் நீலமாக இருந்தாலும் கவனியுங்கள். நீலம் 1966இல் வந்த நிறம். 1965 வி8 என்றால் பிளாக் கறுப்பு, வால்வு கவரும் ஏர் கிளீனரும் தங்க நிறம், கே என்ஜினில் மட்டும் குரோம். என் காரின் வால்வு கவரில் நீல பெயின்ட்டைச் சுரண்டியபோது கீழே மங்கலான தங்கம் தெரிந்தது. அந்தச் சதுர அங்குலத்தைப் பார்க்க என் மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தேன்.

1967 முதலான கார் என்றால் உங்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. கெவின் மார்ட்டி என்பவரிடம் ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகள் இருக்கின்றன, பணம் கட்டினால் கார் எப்படித் தயாரானது என்று அறிக்கை வரும். 1965, 66க்கு அது கிடையாது. நாமேதான் தேட வேண்டும்.

அப்படித் தேடியபோதுதான் டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்த பயனர் கையேட்டுக்குள் 1974ஆம் ஆண்டின் பதிவுச் சீட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடைத்தது. அதில் ஒரு பெண்ணின் பெயர். அந்தப் பெயருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்து அவரே போனில் கூப்பிட்டார். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. முதல் கேள்வியே, "இன்னும் நீலமாக இருக்கிறதா?" என்பதுதான். இல்லை என்று சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜிடி பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் என் தம்பி செய்த வேலை" என்றார். விபத்தில் சிக்கிய இன்னொரு மஸ்டாங்கிலிருந்து விளக்கு, மீட்டர், குழாய் எல்லாவற்றையும் கழற்றி வந்து, ஒரு கோடை விடுமுறை முழுக்க அவர் வீட்டு கராஜிலேயே மாட்டினாராம். தகரம் வெட்டும் கத்தரியால் பின்பக்கம் வெட்டும்போது இடது ஓட்டை கோணலாகிவிட்டதற்கு அவர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாராம். பழைய வேகமானி எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒரு ஸ்கேல் மாதிரி நீளமாக இருக்கும், முள் இடமிருந்து வலமாக நகரும்" என்றார். 1964இல் தயாரான சாதாரண மஸ்டாங்கில் அப்படித்தான் இருக்க வேண்டும். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் முதல் வரிசை எண் மஸ்டாங்கைப் போய்ப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன். கனடாவில் ஒரு விமானிக்குத் தவறுதலாக விற்றுவிட்டு, இரண்டு வருடம் கெஞ்சி, பத்து லட்சத்து ஒன்றாவது காரைக் கொடுத்து ஃபோர்டு திரும்ப வாங்கிய வெள்ளைக் கார் அது.

அந்த அம்மாவிடம் பேசி முடித்ததும் எனக்கு என் அப்பாவின் ஜாவா ஞாபகம் வந்துவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மைசூரில் செய்த ஐடியல் ஜாவா மோட்டார் சைக்கிள். காரைக்குடி வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் துணி போர்த்தி நிற்கும். அப்பா போன பிறகு, 2011இல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தம்பி அதைப் பழைய இரும்புக் கடைக்கு 3,500 ரூபாய்க்குப் போட்டுவிட்டான். அப்பா கையெழுத்துப் போட்ட ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்து. "ஓடாத வண்டிக்கு என்னண்ணே இவ்வளவு கோபம்" என்றான். ஒரு போன் செய்திருந்தால் போதும், பத்து மடங்கு கொடுத்திருப்பேன். இந்த விஷயத்தில் மட்டும் என் மனம் இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜிடி பேட்ஜைக் கழற்றினேன். காரை மீண்டும் காஸ்பியன் ப்ளூவாக்க இரண்டு வருடம் பணம் சேர்த்தேன். பழைய நீள வேகமானி ஒன்றை ஒஹையோவில் ஒரு உதிரிபாகச் சந்தையில் வாங்கி மாட்டினேன். வேலன்ஸை மட்டும் மாற்றவில்லை. புதியது சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அந்தக் கோணல் ஓட்டை அந்தத் தம்பியின் கை வேலை. அதனால் எக்ஸாஸ்டையும் விட்டுவிட்டேன். "அரைகுறை ரெஸ்டோரேஷன்" என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும். இப்போது கண்காட்சிக்குப் போகும்போது கண்ணாடியில் ஒரு அட்டை வைக்கிறேன்: எது தொழிற்சாலையில் வந்தது, எது 70களில் மாட்டியது, எது நான் மாற்றியது, எது தெரியவில்லை. இன்ஷூரன்ஸ் மதிப்பையும் குறைத்து எழுதச் சொன்னேன்.

உங்களிடம் இருக்கும் சான்றிதழை இப்போதைக்கு மூடி வையுங்கள். கதவுத் தகட்டின் எண்ணும், பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்க உள்மட்கார்டு விளிம்பில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கதவையும் மாற்றலாம், தகட்டையும் புதிதாக அடித்து வாங்கலாம், அதனால் மட்கார்டில் இருப்பதைத்தான் நம்ப வேண்டும். அப்புறம் ஐந்தாவது எழுத்தையும் தகட்டில் உள்ள தேதிக் குறியீட்டையும் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள், கடைசி ஆறு எண்கள் வேண்டாம். எக்ஸாஸ்ட் தாங்கும் இடத்தைப் படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.