காலையில் ஒரு தடிப்பு, மாலையில் ஒரு தடிப்பா?

கேள்வி: கண்ணாடியை விட்டுவிட லேசிக் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தை லேசரால் செதுக்கிப் பார்வையைத் திருத்தும் சத்திரசிகிச்சை) செய்யலாமென்று போனேன். காலை ஏழு மணிக்கு எழும்பின கையோடு போய் அளந்தபோது அந்தப் படலத்தின், அதாவது விழிவெண்படலத்தின், தடிப்பு 561 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர்), அடுத்த கிழமை பின்னேரம் வேறொரு இடத்தில் 544. எது சரி?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம், பதறாதீர்கள் தங்கச்சி. இந்தப் படலத்துக்கு இரத்தக் குழாய் கிடையாது, ஒட்சிசனைப் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் எடுக்கும்; இரவு முழுக்க இமை மூடிக் கிடந்தால் ஒட்சிசன் குறைந்து, தண்ணீரை இழுத்து மூன்று நான்கு வீதம் வரை வீங்கிவிடும், நம்முடைய முகம் காலையில் உப்பியிருக்குமே, கிட்டத்தட்ட அப்படி. கண் திறந்து ஓரிரு மணித்தியாலத்தில் வடிந்துவிடும். நீங்கள் எழும்பின கையோடு ஓடியிருக்கிறீர்கள்!

அப்புறம் மெஷினும் ஒரு காரணம். அல்ட்ராசவுண்டில் அளப்பதும் ஒளியால் அளப்பதும் அச்சொட்டாக ஒத்துவராது. கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா? எழுதவில்லையே. போட்டால் அதுவும் அளவை மாற்றும், அளப்பதற்கு டொக்டர் சொல்லும் அத்தனை நாள் முன்பே கழற்றி வைக்க வேண்டும்.

மற்றபடி அடிப்படைத் தடிப்பு பெரும்பாலும் பரம்பரை, அம்மா அப்பா தந்தது. சராசரி 540 அளவில்தான். கரட் தின்று கூட்ட முடியாது. அடுத்த முறை பத்து மணிக்குப் பிறகு, ஒரே இடத்தில் அளந்து பாருங்கள். கண் அழுத்தம் பார்க்கும்போதும் இந்த இலக்கத்தைக் காட்டுங்கள். படலம் தடித்திருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், மெலிந்திருந்தால் குறைத்துக் காட்டும்.