80 டன் கிரேன் 14 டன் பாலத்தைத் தூக்காதா?

கேள்வி: கேரளக் காயல் ஓரத்தில் ஒரு படகுத்துறை வேலையைச் சப் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறோம். கரையிலிருந்து பாண்டூன் என்ற மிதக்கும் மேடைக்குப் போகும் இரும்பு நடைபாலம், 20 மீட்டர் நீளம். வரைபடத்தில் எடை 14 டன். வாடகைக்காரர் தன்னிடம் உள்ள 80 டன் டெலஸ்கோபிக் கிரேனே தாராளம் என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. 80 டன் என்பது பூமை, அதாவது கிரேனின் நீட்டிச் சுருக்கும் கையை, முழுக்கச் சுருக்கி, 3 மீட்டர் ரேடியஸ் (சுழல் மையத்திலிருந்து கொக்கி வரை கிடைமட்டத் தூரம்) வாக்கில் தூக்கினால் கிடைக்கும் கணக்கு. அந்த நிலையில் கிரேன் தன் காலடியில் இருப்பதைத்தான் தூக்க முடியும். உங்கள் பாலம் இறங்கும் இடம் தண்ணீருக்கு மேலே.

ரேடியஸை அளந்து பாருங்கள். பாலத்தின் நடுப்புள்ளி கரை விளிம்பிலிருந்து 10 மீட்டர் வெளியே. கிரேனின் சுழல் மையத்தை விளிம்புக்கு 6 மீட்டருக்குள் கொண்டுவருவது கடினம். ஆக 16 மீட்டர். அந்தத் தூரத்தில் 80 டன் வகுப்புக் கிரேன் பத்துப் பன்னிரண்டு டன் தூக்கினாலே பெரிது. மாடலுக்கு மாடல் மாறும், அதனால் எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதே கிரேன், அதே கவுண்டர்வெயிட் (கிரேன் கவிழாமலிருக்கப் பின்னால் வைக்கும் எடை), அதே பூம் நீளத்துக்கான பக்கம்தானா என்றும் சரிபாருங்கள்.

இன்னொரு பக்கம், 14 டன் என்பதும் 14 டன் இல்லை. வரைபட எடையில் கைப்பிடி, தரைத் தகடு, கேபிள் ட்ரே, பெயின்ட் எல்லாம் சேர்ந்திருக்கிறதா? கொக்கி பிளாக், ஸ்லிங் (சுமையைக் கட்டும் கயிறு), ஷாக்கிள் (இணைப்பு வளையம்), ஸ்ப்ரெடர் பீம் (ஸ்லிங்குகளை அகலப் பிரிக்கும் உத்தரம்) எல்லாமே கிரேனுக்குச் சுமைதான். 17 டன் என்று வையுங்கள். சார்ட்டில் உள்ளதில் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பதைப் பல தளங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. அப்படியானால் 16 மீட்டரில் 21.25 டன்னுக்குக் குறையாமல் சார்ட் காட்ட வேண்டும். 130, 150 டன் வகுப்புக்குப் போக வேண்டிவரும். வாடகை ஏறும்தான்.

பெரிய கிரேன் வந்தால் அடுத்த தலைவலி தரை. கவுண்டர்வெயிட்டோடு 100 டன் வரும் கிரேன், மூலைப் பக்கம் சுழலும்போது ஒரே அவுட்ரிகர் காலில் (பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் தாங்குகாலில்) 50 டன்னைத் தாண்டி இறக்கலாம். படகுத்துறையில் கரைச் சுவருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண். சுவர் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் காலைப் பின்னால் தள்ளுங்கள். காலுக்கு அடியில் 2 மீட்டர் சதுர மேட் (எடையைப் பரப்பும் பலகை) போட்டால்கூட சதுர மீட்டருக்கு 12 டன்னுக்கு மேல் போகிறது, அதை அந்த மண் தாங்குமா என்று சிவில் ஆள் கையெழுத்துப் போடட்டும். ஆனால் காலைத் தள்ளத் தள்ள ரேடியஸ் கூடும், சார்ட் குறையும். இந்த இழுபறி ஒரு முடிவுக்கு வரவில்லை என்றால் பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) ஏற்றிய கிரேனைப் பற்றி யோசிக்கலாம். பார்ஜ் சாயும்போது திறன் இன்னும் குறையும் என்பதால் அதற்குத் தனி சார்ட் வேண்டும். இரண்டு சின்னக் கிரேனைச் சேர்த்துத் தூக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்லிங் விஷயத்தில் ஒன்றே ஒன்று. பாலத்தை நான்கு ஸ்லிங் கால்களில் தொங்கவிட்டாலும் கணக்கில் இரண்டைத்தான் எடுங்கள், ஏனென்றால் நான்கும் ஒரே நீளத்தில் இறுகுவது அரிது. உதாரணத்துக்கு, 15 டன் சுமைக்குக் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் ஒரு காலுக்கு 8.7 டன் வரும். 30 டிகிரி ஆனால் ஒவ்வொரு காலும் 15 டன் சுமக்கும். நீளமான பாலத்தை நீங்கள் அப்படிச் சாய்வாகக் கட்டினால் பாலமே நடுவில் நெரிபடும். ஸ்ப்ரெடர் பீம் போட்டு ஸ்லிங்கை நேர்குத்தாக இறக்குங்கள்.

இனிதான் அசல் வேலை, கடைசி இரண்டு மீட்டர். கரையில் வைப்பதும் பாண்டூனில் வைப்பதும் ஒன்றல்ல. உங்கள் பாண்டூன் 12 மீட்டருக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாலத்தின் பாதி எடை, 7 டன், அதில் இறங்கினால் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் அமிழும். இறங்குவது ஓரத்தில் என்பதால் அந்தப் பக்கம் இன்னும் சாயும். எதிர்ப்பக்க பல்லாஸ்ட் தொட்டியில் (மிதவையைச் சமன்படுத்தும் தண்ணீர்த் தொட்டியில்) முன்கூட்டியே தண்ணீர் நிரப்பி வையுங்கள். மிதவையை இடம் மாறாமல் பிடிக்கும் வழிகாட்டித் தூண்களை முடிக்காமல் வெறும் கயிற்றில் கட்டியிருக்கும் பாண்டூன் மேல் பாலத்தை இறக்கவே கூடாது.

முதலில் கரை முனையைப் பொருத்தி கீல் பின்னைப் போடுங்கள். அப்புறம் பாண்டூன் முனையை மெதுவாக இறக்குங்கள். பாலத்தின் அடியிலுள்ள உருளை பாண்டூன் தகட்டைத் தொட்டதும், கிரேன் கயிறு இன்னும் இறுக்கமாக இருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்தானது. பக்கத்தில் ஒரு பயணிகள் படகு போனால் போதும், அலை பாண்டூனைத் தூக்கிக் கயிற்றைத் தளர்த்தும், மறுகணம் வெடுக்கென்று இழுக்கும். துறைமுக அதிகாரியிடம் எழுதிக் கேட்டு, அரை மணி நேரம் படகுகளை நிறுத்துங்கள். காற்று வினாடிக்கு 9 மீட்டரைத் தொட்டால் அன்றைக்கு வேலை வேண்டாம். சைகை காட்டுபவர் ஒருவர்தான், ‘ஆரியா’ என்று இறக்கச் சொல்வதும் அவர் மட்டும்தான். உள்ளூர் கலாசிகள் (பாரம்பரியமாகக் கனமான பொருள்களைத் தூக்கி நகர்த்தும் தொழிலாளர்கள்) கிடைத்தால் விடாதீர்கள். 1988-இல் பெருமண் ரயில் விபத்தில் அஷ்டமுடிக் காயலில் விழுந்த பெட்டிகளை வெளியே எடுக்க உதவியவர்கள் மாப்பிளா கலாசிகள். அந்தக் காயல் அனுபவம் எந்த லோடு சார்ட்டிலும் கிடைக்காது.

பாலம் உட்கார்ந்ததும் பில் போட ஓடாதீர்கள். 1994 செப்டம்பர் 14 அன்று இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் துறைமுகத்தில், பயன்பாட்டுக்கு வந்து நான்கே மாதமான பயணிகள் நடைபாலம் இடிந்து விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். மிதவை பக்கவாட்டில் ஆடும்போது அதோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ள முடியாத விறைப்பான பாலம் அது. சுமை எல்லாத் தாங்கிகளிலும் சமமாக இறங்காமல், அச்சுப் பற்றவைப்பு (வெல்டிங்) ஒன்று திரும்பத் திரும்ப வந்த சுமையால் களைத்து முறிந்தது. ஆகவே ஒரு பக்கம் ஆட்களை நிறுத்தியோ தண்ணீர் ஏற்றியோ பாண்டூனைச் சாய்த்துப் பாருங்கள். ஏதாவது ஓர் உருளை தகட்டை விட்டு எழும்புகிறதா? எழும்பினால் வடிவமைத்தவரைக் கூப்பிடுங்கள், ஷிம் தகடு (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) வைத்துச் சமாளிக்காதீர்கள். கிரீஸ் அடிக்கும் முனைகளுக்குக் கை எட்டுகிறதா என்று பாருங்கள். தாங்கி முறிந்தாலும் பாலத்தைப் பிடித்து நிறுத்தும் பாதுகாப்புச் சங்கிலி வரைபடத்தில் இல்லையென்றால், எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.