மரம் விடும் ஆவி, நாம் விடும் புகை: காட்டு மூட்டம் பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைத்தொடர் படம் ஒன்றைப் போன வாரம் பகிர்ந்திருந்தேன். அடுக்கடுக்கான முகடுகள்மேல் நீலப் புகை படிந்தாற்போல் இருக்கும். வளிமண்டல வேதியியல்தான் என் துறை என்பதால் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள்.

சார், அது பனியா, காட்டுத்தீயா?

விடிகாலையில் பள்ளத்தாக்கில் தேங்கி நிற்பது பனிமூட்டம். வெயில் ஏறிய பிறகும் தூரத்து முகடுகளில் தெரிகிற நீலம் வேறு. அதில் பெரும்பங்கு மரங்கள் விடும் வாசனை ஆவியிலிருந்து பிறந்த நுண்துகள்களுக்கு உண்டு. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள், சிவப்பைவிட நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். மரத்தின் ஆவிக்கும் இந்த நீலத்துக்கும் தொடர்பு உண்டென்று 1960இலேயே எழுதியவர் தாவரவியலாளர் ஃப்ரிட்ஸ் வென்ட்.

தம்பி, வாசனை எப்படித் துகளாக மாறும்?

பைன் பலகையை இழைக்கும்போது மூக்கில் ஏறும் மணம் நினைவிருக்கிறதா ஐயா? அதில் முக்கியமானது ஆல்ஃபா பைனீன். காற்றிலுள்ள ஓசோன் அதைத் தாக்கியதும் மூலக்கூறு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கும். ஒன்று ஒட்டியதும் அதுவே அடுத்ததற்கு வழிவிடும். சில நொடிகளில் பல ஆக்சிஜன் சேர்ந்துவிடும். 2014இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியபோது எங்கள் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆக்சிஜன் ஏறிய மூலக்கூறால் ஆவியாகவே மிதக்க முடியாது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் நீர் பூப்பதுபோல, அருகிலுள்ள துகள்மேல் போய்ப் படியும். துகளே இல்லாத இடத்தில் தங்களுக்குள் கூடி, ஒன்றிரண்டு நானோமீட்டரில் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) புதுத் துகளாகும்.

அப்படியென்றால் மரமும் மாசு செய்கிறது என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். உலகத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன் ஐசோப்ரீன் என்ற ஆவியை விடுகின்றன. அளவை மட்டும் பார்த்து மரத்தைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். ஐசோப்ரீன் தனியாகத் துகளாவது குறைவு. நிலக்கரி மின்நிலையம் விடும் கந்தக டைஆக்சைடு காற்றில் அமிலத் துகளாகிறது. ஐசோப்ரீனிலிருந்து பிறக்கும் எபாக்சைடுகள் என்ற சேர்மங்கள் அந்த ஈர அமிலத்தில் கரைந்து, அங்கேயே மாறித் தங்கிவிடுகின்றன. துகளைப் பகுத்துப் பார்த்தால் கரிமம் மரத்துடையது; அதை அங்கே பிடித்து வைத்தது நம் கந்தகம். 2013இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலக் காட்டில் நடந்த பெரிய அளவீட்டுப் பணியில் இந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது.

வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுக்கும் பங்கு உண்டு. பகலில் ஓசோனைக் கூட்டும். இரவில் நைட்ரேட் தனியுறுப்பு என்ற, எளிதில் வினைபுரியும் மூலக்கூறாகி, ஆல்ஃபா பைனீன் போன்ற மர ஆவிகளான டெர்பீன்களைத் தாக்கும். அமேசானின் நடுவே 20 லட்சம் பேர் வாழும் மனாவ்ஸ் நகரம் இருக்கிறது. அதன் புகை காட்டின்மேல் தவழும் நேரத்தில், மரத்தின் ஆவியிலிருந்து பிறக்கும் துகள் பெருகுவதை 2014, 2015இல் அளந்தார்கள். மரம் அதே மரம்தான்.

மரத்தைக் குறைத்தால் துகள் குறையுமா?

மரத்தில் கை வைக்க வேண்டாம். கந்தகத்தையும் நைட்ரஜன் ஆக்சைடையும் குறையுங்கள். நம் கையில் இருப்பது அதுதான்.

அண்ணா, நம்ம நீலகிரிக்குப் பேர் வந்ததும் யூகலிப்டஸ் மூட்டத்தாலா?

இல்லைம்மா. யூகலிப்டஸ் அங்கே வந்தது 19ஆம் நூற்றாண்டில். பெயர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. குறிஞ்சிப் பூவால் வந்த பெயர் என்று பலர் சொல்வார்கள். தூரத்து மலை நீலமாகத் தெரிய வெறும் காற்று மூலக்கூறே போதும் என்பதையும் மறக்கக்கூடாது. யூகலிப்டஸ் இலை ஐசோப்ரீனும் டெர்பீனும் விடுவது உண்மைதான்.

இந்தத் துகளுக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. மேகத் துளி உருவாக ஒரு விதை வேண்டும். புதிதாய்ப் பிறந்த துகள் 50 முதல் 100 நானோமீட்டர் வரை வளர்ந்தால் நல்ல விதையாகும். கந்தக அமிலம் இல்லாமல் துகள் பிறப்பது அரிது என்று வெகுகாலம் நம்பியிருந்தோம். ஜெனீவா அருகே செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில், மேகத் துகள்களை ஆராயும் ‘கிளவுட்’ என்ற மூடிய கலத்தில், தூய காற்றில் ஆல்ஃபா பைனீனை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். அந்த ஆவியே துகளைப் பிறப்பித்தது; விண்வெளிக் கதிர்கள் உண்டாக்கும் அயனிகள் அதற்குக் கைகொடுத்தன. 2016இல் வெளியான முடிவு இது. ஆகவே, ஆலைகள் வருவதற்கு முன்பே காடுகள் தங்கள் மேகத்துக்கு விதை தூவிக்கொண்டிருந்திருக்கின்றன. அந்தக் காலத்து வானத்தில் மேகம் எவ்வளவு என்ற கணக்கையே இதனால் திருத்த வேண்டியதாயிற்று.