90,000 ரூபாய் அழகுக்கலைப் பயிற்சி: முதல் எப்போது தேறும்?

பயிற்சிக்குக் கட்டும் 90,000 ரூபாய், பார்லர் சம்பளத்தை மட்டும் நம்பினால் எளிதில் திரும்பாது. மணப்பெண் அலங்காரம் கைவந்தால்தான் திரும்பும். ஆகவே முழுத் தொகையையும் இப்போதே கட்டிவிடாதீர்கள்.

கட்டணம் 90,000, முடித்தபின் கும்பகோணத்துப் பார்லரில் மாதம் 9,000, எனவே பத்தே மாதத்தில் மீண்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு இடறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஜவுளிக்கடையில் இப்போது வாங்கும் 8,000 ரூபாய், பயிற்சி நடக்கும் ஆறு மாதமும் நின்றுபோகும். அதையும் சேர்த்தால் செலவு 1,38,000 ஆகிறது, பிறகு கூடுதலாக வருவதோ மாதம் 1,000 ரூபாய்தான்.

மணப்பெண் அலங்காரம் ஒன்றில் பொருளும் பயணமும் போக 3,000 நின்றால், 46 கல்யாணங்களில் முதல் தேறும். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. நம் பக்கத்தில் சம்பா அறுத்துக் கையில் காசு புரளும் தை, மாசியில்தான் வேலை குவியும்.

பணம் கட்டுமுன் ஒரு பிற்பகல் அந்த நிலையத்தில் உட்கார்ந்து பாருங்கள். நூலைப் பல்லில் கடித்தபடி புருவம் திருத்தும் மாணவிகளுக்கு உண்மையான முகங்கள் கிடைக்கின்றனவா, அல்லது ஒருவர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்களா என்பதைக் கவனியுங்கள். மேக்கப் பெட்டி கட்டணத்தில் அடங்குமா என்றும் கேளுங்கள்.

அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) அழகுக்கலைப் பிரிவு இருந்தால் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அது ஓராண்டுப் படிப்பு. எல்லா ஐடிஐயிலும் அந்தப் பிரிவு கிடையாது, அந்த ஓராண்டுக்கான உங்கள் 96,000 ரூபாய்ச் சம்பளமும் நின்றுபோகும்.